மாற்கு நற்செய்தி: யாருக்கு, எப்போது, எங்கே, யார் எழுதியது? புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு நற்செய்திகளில் மாற்குதான் சின்னது. மொத்தம் 16 அதிகாரம். நிதானமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்தியோடு வாசிப்பவர், வரலாற்று ஆர்வத்தில் வாசிப்பவர், இறையியல் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருப்பவர் என யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, ‘இதை எழுதியது யார்?’ என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பது என் யோசனை. ஆசிரியர் நூலுக்குள் தன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் யாரை மனதில் வைத்து எழுதுகிறார் என்பதைப் பல இடங்களில் தன்னை அறியாமலே காட்டிக்கொடுத்துவிடுகிறார். தடயம் நிறைய இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, குறைவாக இருக்கும் இடத்துக்குப் போவோம். முதலில் வாசகர், அப்புறம் காலம், பிறகு ஊர், கடைசியில் ஆசிரியர்.

1. கையில் என்ன வேண்டும்

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, புராட்டஸ்டன்ட் சபைகளில் பழகிய பழைய ‘பரிசுத்த வேதாகமம்’. இன்னொன்று, 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’. பெயர்கள் கொஞ்சம் மாறும். ஒன்றில் அப்போஸ்தலருடைய நடபடிகள் என்று இருப்பது மற்றொன்றில் திருத்தூதர் பணிகள். அது பெரிய சிக்கல் இல்லை. இரண்டும் வெவ்வேறு கிரேக்கப் பதிப்புகளை ஒட்டியவை என்பதுதான் நமக்கு முக்கியம். இப்போதே 1:2-ஐ (முதல் அதிகாரம், இரண்டாம் வசனம்) இரண்டிலும் திறந்து பாருங்கள். பழையதில் ‘தீர்க்கதரிசன ஆகமங்களில்’ எழுதியிருக்கிறது என்று வரும். புதியதில் எசாயாவின் பெயர் வரும். மேற்கோளின் முதல் பாதி உண்மையில் மல்கியா நூலிலிருந்து வருவது. ‘எசாயா’ என்று மட்டும் இருந்ததைப் பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் யாரோ பொதுவாக மாற்றித் திருத்தியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இன்னொரு வேலை: பென்சிலால் 16:8-க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஆகிய இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளிலும் மாற்கு அங்கேயே முடிகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த 12 வசனங்கள் பிறகு சேர்ந்தவை. நடை மாறுவதைத் தமிழில்கூட உணரலாம். 16:1-இல் வந்த மகதலேனா மரியாளை 16:9-இல் ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்று புதிதாக ஒருவரை அறிமுகம் செய்வதுபோல மறுபடி சொல்கிறார்கள். மூல முடிவு தொலைந்துபோனதா, ஆசிரியரே அங்கே நிறுத்தினாரா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. நமக்கு வேண்டிய விதி எளிது: சர்ப்பங்களை எடுப்பது, நஞ்சு குடித்தாலும் சேதப்படாதது போன்ற கடைசி வசனங்களை வைத்து மாற்கின் வாசகரைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது.

படிப்புப் பதிப்புகளின் முன்னுரையை இப்போதைக்கு மூடிவையுங்கள். அது விடையை மட்டும் கொடுத்துவிடும். விடை வந்த வழியைக் காட்டாது.

2. ஒரே மூச்சில் ஒரு வாசிப்பு

குறிப்பு எதுவும் எடுக்காமல் முதல் தடவை வாசியுங்கள். இயேசுவின் பிறப்புக் கதை இல்லை, நீண்ட மலைப்பொழிவு இல்லை. நேராக யோர்தான் ஆற்றங்கரையில் யோவானோடு தொடங்கி, ‘உடனே’, ‘உடனே’ என்று ஓடுகிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய நாற்பது தடவை வருகிறது. பதினோராம் அதிகாரத்தில் எருசலேமுக்குள் நுழைந்ததும் வேகம் அப்படியே குறைந்து, கடைசி ஒரு வாரத்துக்கே நூலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. எங்கே ஓடுகிறார், எங்கே நின்று பேசுகிறார் என்று காது பழகிவிட்டால் போதும்.

3. எதை விளக்குகிறார், எதை விளக்காமல் விடுகிறார்

இரண்டாவது வாசிப்பில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஆசிரியர் நின்று விளக்கம் சொல்லும் இடங்கள் ஒரு பக்கம். விளக்கமே சொல்லாமல் தாண்டிப் போகும் இடங்கள் மறு பக்கம். எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் பட்டியல் சீக்கிரம் நிறையும். அரமேய வார்த்தை வரும்போதெல்லாம் பொருள் சொல்கிறார்: 5:41-இல் ‘தலீத்தாகூமி’, 7:11-இல் ‘கொர்பான்’, 7:34-இல் ‘எப்பத்தா’, 15:22-இல் ‘கொல்கொதா’, 15:34-இல் சிலுவையில் வரும் கதறல். 7:3-4-இல் யூதர்கள் கை கழுவும் முறை, கிண்ணம் செம்பு கழுவும் வழக்கம் எல்லாவற்றையும் அடைப்புக்குறிபோல நடுவே செருகுகிறார். அதே சம்பவத்தை மத்தேயு 15-இல் பாருங்கள். அங்கே அந்த விளக்கம் இல்லை. மத்தேயுவின் வாசகருக்கு அது தேவைப்படவில்லை என்று தெரிகிறது. 15:42-இல் ‘ஆயத்த நாள்’ என்றால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் என்றுகூடச் சொல்கிறார். யூதக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லையே.

இன்னும் சுவாரசியமானது காசு. 12:42-இல் ஏழை விதவை போட்ட இரண்டு சிறு காசுகளின் மதிப்பை ரோமானியரின் ‘குவாட்ரன்ஸ்’ என்ற நாணயத்தை வைத்துச் சொல்கிறார். 15:16-இல் அரண்மனை முற்றத்தை ‘பிரிட்டோரியம்’ என்ற லத்தீன் சொல்லால் விளக்குகிறார். லூக்கா அந்த விதவைக் கதையை எடுத்துச் சொல்லும்போது குவாட்ரன்ஸை விட்டுவிடுகிறார். 10:12-இல் மனைவி கணவனைத் தள்ளிவிடும் நிலையும் பேசப்படுகிறது. யூத வழக்கத்தில் விவாகரத்து பொதுவாகக் கணவன் கையில் இருந்தது. ரோமச் சட்டத்தில் மனைவியும் தொடங்கலாம்.

இப்போது இரண்டாவது பட்டியல். இதைப் பலர் போடுவதே இல்லை, ஆனால் முக்கியமான சங்கதி இதில்தான் இருக்கிறது. எலியா யார், மோசே யார், தாவீது யார் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. 15:1-இல் ‘பிலாத்து’ என்று வெறும் பெயர் மட்டும் வருகிறது. ‘தேசாதிபதி’ என்ற பதவியை மத்தேயுதான் சேர்க்கிறார். ஆக இவருடைய வாசகர்களுக்கு அரமேயம் தெரியாது, யூத வீட்டுப் பழக்கவழக்கம் தெரியாது. ஆனால் யூத வேதத்தின் பெரிய பெயர்களும், பிலாத்துவின் கீழ் இயேசு பட்ட பாடும் ஏற்கெனவே தெரியும். அதாவது கிரேக்கம் பேசுகிற, பெரும்பாலும் யூதரல்லாத, ஆனால் சபைக்குள் வந்துவிட்ட மக்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் 15:21. வழியே போன சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைக்கிறார்கள். அந்தச் சீமோன் யார்? ‘அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்’. மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதும்போது இந்த இரண்டு பெயர்களையும் எடுத்துவிடுகிறார்கள். ஓர் ஆளை அவருடைய பிள்ளைகள் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுகிறோம் என்றால், கேட்பவருக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும் என்றுதானே பொருள்? ரோமர் 16:13-இல் பவுல் ஒரு ரூப்புவுக்கு வாழ்த்துச் சொல்கிறார். இருவரும் ஒருவரே என்று உடனே முடிச்சுப் போடத் தோன்றும். பொறுங்கள், ரூப்பு அந்தக் காலத்தில் சாதாரணமான பெயர். பிள்ளைகளை அந்த வாசகருக்குத் தெரிந்திருக்கலாம் என்பது வரை தைரியமாகச் சொல்லலாம். ரோம் வரை போவது ஊகம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ‘மாற்கின் சமூகம்’ என்று ஒரே ஊர்ச் சபையைக் கற்பனை செய்து, நூலின் ஒவ்வொரு வரியையும் அந்தச் சபையின் பிரச்சினையாக வாசிக்கிற பழக்கம் ஆய்வாளர்களிடம் வெகுநாள் இருந்தது. விவிலிய ஆய்வாளர் ரிச்சர்டு பாக்கம் 1998-இல் இதைக் கடுமையாக எதிர்த்தார்: நற்செய்திகள் ஆரம்பத்திலிருந்தே பல சபைகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்றே எழுதப்பட்டவை என்றார். அவர் சொன்னதை முழுசாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வரிக்கு வரி ஒரு சபையைத் தேடும் பழக்கத்துக்கு நல்ல கடிவாளம்.

4. காலம்: மத்தேயுவோடு ஒப்பிட்டு, பிறகு 13-ஆம் அதிகாரம்

முதலில் எது முந்தியது என்று பாருங்கள். மாற்கில் உள்ளவற்றில் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருக்கிறது. மத்தேயுவைச் சுருக்கியவர் மாற்கு என்றுதான் பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் காலத்திலிருந்து நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தலைகீழானது. மாற்கே முந்தியது, மற்ற இருவரும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. ஏன் என்று நீங்களே சோதிக்கலாம். மாற்கு 4:38-இல் புயலில் சீடர்கள், நாங்கள் மடிந்துபோவது உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். மத்தேயு 8:25-இல் அது பணிவான வேண்டுதலாக, ‘ஆண்டவரே, எங்களை இரட்சியும்’ என்று மாறிவிடுகிறது. மாற்கு 6:5-இல் இயேசுவால் நாசரேத்தில் அற்புதம் செய்ய முடியவில்லை. மத்தேயு 13:58-இல் அவர் அநேக அற்புதங்களைச் செய்யவில்லை. சங்கடமான வரியை மென்மையாக்குவது இயல்பு. மென்மையான வரியை ஒருவர் வேண்டுமென்றே சங்கடமாக்கியிருப்பார் என்று சொல்வது கஷ்டம்.

அடுத்து ஒரு தாளில் சில ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். இயேசுவின் சிலுவை மரணம் கி.பி. 30 வாக்கில். பவுலின் கடிதங்கள் பெரும்பாலும் 50-களில். 64-இல் ரோம் எரிந்தது. பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழியைப் போட்டுக் கொன்றான் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதுகிறார். 66-இல் யூதக் கிளர்ச்சி. 70-இல் ரோமத் தளபதி தித்துவின் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது.

இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்து 13-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறது 13:2. ஆலயம் விழுந்த பிறகு எழுதியதா, விழப்போகிறது என்று ஊரே அஞ்சிய போர்க்காலத்தில் எழுதியதா? ஆலயம் தீயில் எரிந்தது என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் சொல்கிறார். மாற்கில் தீயைப் பற்றிப் பேச்சே இல்லை. நடந்ததைப் பார்த்து எழுதியிருந்தால் தீ வந்திருக்குமே என்பது ஒரு தரப்பு. இவ்வளவு கச்சிதமாகச் சொல்ல நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது மறு தரப்பு. 13:14-இல் பாழாக்குகிற அருவருப்பு ஒன்று நிற்கத்தகாத இடத்தில் நிற்பதைச் சொல்லும்போது, ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று ஆசிரியர் நம்மைப் பார்த்தே கண் காட்டுகிறார். எதைப் பற்றி என்பதில்தான் வம்பு. கி.பி. 40-இல் ரோமப் பேரரசன் காயு காலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் வைக்க உத்தரவிட்ட கலவரத்தோடு இதை இணைத்து, நூலையே அந்தக் காலத்துக்கு நகர்த்துகிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் 65-க்கும் 75-க்கும் இடையே நிற்கிறார்கள். எனக்கும் போர்க்காலமே பொருந்துகிறது. ஆலயம் விழுவதற்கு முன்பா பின்பா என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

10:30-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட்டு வந்தவனுக்கு வீடும் நிலமும் நூறு மடங்கு கிடைக்கும் என்ற வாக்குறுதிக்குள் ‘துன்பங்களோடேகூட’ என்று ஒரு சொல் நுழைகிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் அது இல்லை. வாசகர்கள் அடி வாங்கியவர்கள், அல்லது அடி வரும் என்று காத்திருந்தவர்கள்.

இணையத்தில் ‘முதல் நூற்றாண்டு மாற்குப் பிரதி கிடைத்துவிட்டது’ என்ற செய்தி இன்னும் சுற்றுகிறது. 2012 முதல் பரவிய பேச்சு அது. அந்தப் பாப்பிரஸ் துண்டு 2018-இல் முறையாக வெளியானபோது, இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்றே காலம் குறித்தார்கள். முதல் அதிகாரத்தின் சில வசனங்கள் மட்டும் உள்ள சிறு துண்டு. அதை அனுப்புகிறவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆண்டை மட்டும் சொல்லிவிடுங்கள்.

5. ஊர்

ரோம் என்பது பழைய மரபு. லத்தீன் சொற்களும், ரோமக் காசும், நீரோவின் கொடுமையும் அதற்குத் துணை. ஆனால் லேகியோன், தெனாரியம், நூற்றுக்கு அதிபதி போன்ற சொற்கள் ராணுவமும் வரியும் போன இடமெல்லாம் போயின. அவை சிரியாவிலும் ஒலித்திருக்கும். யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும் என்ற 13:14 ரோமில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்டு, போருக்குப் பக்கத்தில் சிரியாவில் நூலை வைக்கிறவர்களும் கணிசம். இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். இதில் அதிக நேரம் செலவழிப்பதில் பலன் இல்லை.

6. கடைசியாக ஆசிரியர்

இப்போது நூலுக்கு வெளியே போகலாம். ஒவ்வொரு சாட்சியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், அதைச் சொல்வதில் அவருக்கு என்ன அக்கறை?

முதல் சாட்சி பப்பியா. இன்றைய துருக்கியில் இருக்கும் எராப்போலி நகரச் சபையின் கண்காணிப்பாளர் (பிஷப்), கி.பி. 110-க்கும் 130-க்கும் இடையில் எழுதியவர். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, நினைவில் இருந்ததைக் கவனமாக எழுதினார், ஆனால் வரிசையாக எழுதவில்லை என்று ‘மூப்பர்’ ஒருவர் சொன்னதாகச் சொல்கிறார். மாற்கு இயேசுவை நேரில் கேட்டவர் அல்ல என்றும் சேர்க்கிறார். பப்பியாவின் நூல் நம்மிடம் இல்லை. நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் செசரியாவின் யூசேபியஸ் அதிலிருந்து எடுத்துக்காட்டிய பகுதிதான் இருக்கிறது. அதே யூசேபியஸ், பப்பியாவுக்கு அறிவு ரொம்பக் கொஞ்சம் என்றும் கிண்டல் செய்கிறார்! சங்கிலியை எழுதிப் பாருங்கள்: பேதுரு, மாற்கு, மூப்பர், பப்பியா, யூசேபியஸ், அப்புறம் நாம். பப்பியாவின் தொனியையும் கவனியுங்கள். வரிசை இல்லை, ஆனாலும் தவறு செய்யவில்லை என்று அவர் வாதாடுகிறார். நூலைக் குறை சொன்னவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள் போல.

அடுத்து வருகிற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர்கள்: இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன், செபதேயுவின் மக்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் ‘இடிமுழக்க மக்கள்’ என்ற பெயர் வந்ததைச் சொல்லும்போது பேதுருவின் நினைவுக்குறிப்பு என்று பொருள்படும் ஒன்றைச் சுட்டுகிறார். அந்தப் பெயர் நற்செய்திகளில் மாற்கு 3:17-இல் மட்டுமே இருக்கிறது. 180 வாக்கில் லியோனின் இரேனியு, பேதுருவும் பவுலும் போன பிறகு மாற்கு எழுதினார் என்கிறார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, பேதுரு உயிரோடிருந்தபோதே எழுதினார் என்கிறார். இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் மாற்கு, பேதுரு என்ற இரண்டு பெயரில் யாரும் சண்டை போடவில்லை.

சரி, எந்த மாற்கு? இந்த வசனங்களை வரிசையாக வாசியுங்கள்: அப்போஸ்தலர் 12:12 (எருசலேமில் வீடுள்ள மரியாளின் மகன் யோவான் மாற்கு), 13:13 (பவுலை விட்டுத் திரும்பிப் போகிறார்), 15:37-39 (அவரால் பவுலுக்கும் பர்னபாவுக்கும் மனக்கசப்பு), கொலோசெயர் 4:10, பிலேமோன் 24, 2 தீமோத்தேயு 4:11, கடைசியாக 1 பேதுரு 5:13. ‘என் குமாரனாகிய மாற்கு’ என்கிறது அந்தக் கடைசி வசனம். அதே வசனத்தில் வரும் ‘பாபிலோன்’ என்பது ரோமைக் குறிக்கும் மறைபெயர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மார்க்குஸ் என்பது ரோமானியரிடம் சர்வசாதாரணமான பெயர் என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

மரபை ஏற்பவர்களின் நல்ல வாதம்: பெயரை இட்டுக்கட்டுவதாக இருந்தால் பேதுருவின் பெயரையே போட்டிருக்கலாமே, பாதி வழியில் திரும்பிப்போன ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மறுப்பவர்களின் நல்ல வாதம்: எருசலேமில் வளர்ந்தவருக்கு அந்த நாட்டு வழி தெரிந்திருக்க வேண்டும். 7:31-ஐத் திருவிவிலியத்தில் பாருங்கள். தீர் நகரிலிருந்து சீதோன் வழியாகக் கலிலேயக் கடலுக்கு வருகிறார் இயேசு. சீதோன் வடக்கே, கடல் தென்கிழக்கே. பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சிக்கலே தெரியாது; அது பின்பற்றிய பிரதியில் ‘தீரு சீதோன் எல்லைகளை விட்டு’ என்று இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றிப் போதித்தவர் சுற்றுவழியில் போயிருக்க முடியாதா என்று மரபுத் தரப்பு பதில் சொல்லும். அதுவும் நியாயம்தான்.

பேதுருவை நூல் நடத்தும் விதத்தை இரு தரப்பும் தங்களுக்கு இழுக்கிறார்கள். 8:33-இல் அவரைச் சாத்தான் என்று இயேசு கடிந்துகொள்கிறார். 14-இல் மூன்று தடவை மறுதலிக்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல பேதுருவால்தான் முடியும் என்பார் ஒருவர். பேதுருவின்மேல் அன்பில்லாத ஒருவர் எழுதியது என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் ஓடுகிற சான்று எதையும் நிரூபிக்காது, தள்ளிவையுங்கள். 14:51-இல் துணியை விட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போன வாலிபன் மாற்குதான் என்பதும் அப்படியே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை.

என் கணக்கு இது: மாற்கு என்ற பெயருடைய ஒருவர் எழுதினார் என்பது நம்பத்தக்கது. அவர் எருசலேம் யோவான் மாற்கு என்பது சாத்தியம். நூலில் எந்தப் பகுதி பேதுருவின் வாயிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவது முடியாத காரியம்.

7. எழுதிவைத்துவிட்டு, முன்னுரையைத் திறங்கள்

அரைப் பக்கம் போதும். வாசகர், காலம், ஊர், ஆசிரியர் என்று நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘உறுதி’, ‘சாத்தியம்’, ‘ஊகம்’ என்று ஒரு சொல்லும், அதற்கு ஆதாரமான வசனமும். இப்போது படிப்புப் பதிப்பின் முன்னுரையைத் திறந்து ஒப்பிடுங்கள். முன்னுரை எங்கே ‘சாத்தியம்’ என்பதை ‘உறுதி’ ஆக்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து லூக்காவை எடுங்கள். அங்கே முதல் நான்கு வசனங்களிலேயே ஆசிரியர் தன் குரலில் பேசுகிறார், தெயோப்பில் என்ற வாசகரின் பெயரையும் சொல்கிறார். ஆனாலும் தன் பெயரைச் சொல்லவில்லை.